அயர்லாந்தின் சுயராஜ்யமும் நமது சுயமரியாதையும்

(முத்தாபுதுப்பேட்டையில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று இந்த முத்தாபுதுப்பேட்டையிலே அயர்லாந்து தேசத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்று என்னை அழைத்த தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். துண்டு விளம்பரத்தில் இந்தத் தலைப்பைப் பார்த்த சிலர், "ஆவடி வட்டாரத்திலே குடிதண்ணீரைப் பற்றியும் சாக்கடையைப் பற்றியும் பேச எவ்வளவோ இருக்கிறதே, ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் ஒரு குளிர் தேசத்துக் கதை நமக்கெதற்கு?" என்று கேட்டதாகச் சொன்னார்கள். கேட்டது நியாயமான கேள்விதான். அதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டுப் பிறகு பேச்சைத் தொடங்குகிறேன்.

அந்தத் தேசத்திலிருந்து ஒரு சொல் 1916ஆம் வருஷத்திலே சென்னைக்கு வந்தது. அந்தச் சொல்லுக்கு நம்மவர்கள் கொடுத்த பதிலிலேதான் நம்முடைய அரசியல் பிறந்தது. அந்தச் சொல் "ஹோம்ரூல்" என்பதாகும். வந்த சொல்லின் யோக்கியதை என்ன, பிறந்த ஊரிலே அது யாருக்கு வாழ்வு கொடுத்தது, யாருடைய வாயை அடைத்தது என்று தெரிந்துகொண்டால், இன்றைக்கு நாம் "தமிழ்நாடு, தமிழினம், தமிழ்ப் பண்பாடு" என்று பேசுகிற பேச்சிலும் எது சரக்கு, எது பதர் என்று பிரித்துப் பார்க்கச் சௌகரியமாயிருக்கும். நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

அடையாற்றில் இறங்கிய ஹோம்ரூல்

1916 செப்டம்பரில் அன்னி பெசண்டு அம்மையார் சென்னையிலே "ஹோம்ரூல் லீக்" என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார். அந்தப் பெயர் நம் நாட்டில் உண்டானதல்ல. 1870இல் ஐசக் பட் என்ற அயர்லாந்து வக்கீல் தம் நாட்டுக்காக ஆரம்பித்த கிளர்ச்சியின் பெயர் அது. அம்மையார் பிறந்தது லண்டனில், 1847இல். ஆனாலும் தம் உடம்பில் ஓடுவது முக்கால் பங்கு ஐரிஷ் இரத்தம் என்று தம் வரலாற்றை எழுதும்போது பெருமையோடு குறித்துக்கொண்டவர்.

இந்த அம்மையாரின் முழுக் கதையையும் நம் வாலிபர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பிராட்லா என்ற பெயரை நம் மேடைகளில் எவ்வளவோ முறை கேட்டிருப்பீர்கள். அந்த சார்லஸ் பிராட்லாவோடு கூட நின்று இங்கிலாந்து முழுவதும் நாத்திகப் பிரசாரம் செய்தவர் இவர். 1877இல் கர்ப்பத் தடையைப் பற்றிய ஒரு சிறு புத்தகத்தை வெளியிட்ட குற்றத்திற்காக இருவரும் கூண்டில் நின்றார்கள். மறு வருஷம் கோர்ட்டார், இப்படிப்பட்ட நாத்திகத் தாயிடம் குழந்தை வளரக்கூடாதென்று சொல்லி, பெற்ற மகளையே அவரிடமிருந்து பிரித்துவிட்டார்கள். அப்படிப்பட்டவர் 1889இல் பிளாவட்ஸ்கி அம்மையாரின் பிரம்மஞானத்தில் விழுந்து, 1893இல் இந்தியாவுக்கு வந்து, கடைசியில் வருணாசிரமத்திற்கே வக்காலத்துப் பேசுகிற நிலைக்கு வந்துவிட்டார். தைரியம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. 1917இல் சர்க்கார் அவரை உதகமண்டலத்தில் காவலில் வைத்தபோதும் பணியவில்லை. அந்த வருஷக் கடைசியிலே காங்கிரசுக்கே தலைவரானார். ஆனால் நாத்திகராயிருந்த காலத்தில் ஒவ்வொன்றையும் "ஏன்?" என்று கேட்ட புத்தி எங்கே போயிற்று என்பதுதான் தெரியவில்லை.

லீக் ஆரம்பமான இரண்டாவது மாதத்திலே, அதாவது 1916 நவம்பர் 20ஆம் தேதி, சர். பி. தியாகராயரும் டாக்டர் டி. எம். நாயரும் மற்றவர்களும் சென்னை விக்டோரியா மண்டபத்தில் கூடினார்கள். டிசம்பரில் பார்ப்பனரல்லாதார் அறிக்கை வெளிவந்தது. அந்த அறிக்கையில் ஆவேசப் பேச்சு ஒன்றும் இல்லை. பெரும்பாலும் கணக்குத்தான். ராஜதானியின் 4 கோடியே 15 லட்சம் மக்களில் பார்ப்பனரல்லாதார் 4 கோடிக்குக் குறையாதவர்கள். 1913இல் நிரந்தர ஜில்லா முனிசீப்புகள் 128 பேர். அவர்களில் 93 பேர் பார்ப்பனர், 25 பேர் பார்ப்பனரல்லாத இந்துக்கள், மீதி 10 பேர்தான் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியர்களும். வெள்ளைக்காரன் இன்றைக்கே கப்பலேறிப் போனால் இந்த நாற்காலிகளில் யார் இருப்பார்கள் என்று கேட்டார்கள், அவ்வளவுதான். உடனே "தேசத் துரோகிகள்" என்ற பட்டம் கிடைத்தது. வீட்டை மீட்கும்போது அந்த வீட்டில் எனக்கு எந்த மூலை என்று கேட்கிறவன் எப்படித் துரோகி ஆவான் என்று பட்டம் கொடுத்தவர்களில் ஒருவரும் சொல்லவில்லை.

இதே கேள்வியை அயர்லாந்திலேயும் கேட்டார்கள். யார் கேட்டார்கள், கேட்டவர்கள் கதி என்ன ஆயிற்று என்று சொல்லுவதற்கு, அந்த நாட்டின் கஷ்டத்தை முதலில் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அந்தக் கஷ்டம் பொய்யல்ல.

பட்டினியும் பாதிரியும்

அயர்லாந்தில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். ஆண்டவர்கள் பிராட்டஸ்டண்டு இங்கிலீஷ்காரர்கள். கத்தோலிக்கன் பள்ளிக்கூடம் நடத்தக்கூடாது, நிலம் வாங்கக்கூடாது, ஓட்டுப் போடக்கூடாது, ஆயுதம் வைத்திருக்கக்கூடாது என்றெல்லாம் சட்டங்கள் செய்து வைத்திருந்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஜனத்தொகையில் முக்கால் பங்காயிருந்த அவர்களிடம் நிலத்திலே 100க்கு சுமார் 5 பங்குதான் இருந்தது. இதைக் கேட்டதும் உங்களுக்கு வேறொரு சட்டம் ஞாபகத்திற்கு வரும். படிக்கக்கூடாது, சொத்து வைத்துக்கொள்ளக்கூடாது, ஆயுதம் எடுக்கக்கூடாது என்ற அதே வரிசை நம் மனுதர்மத்திலும் இருக்கிறது. அங்கே அந்நியன் வந்து எழுதினான். இங்கே நம்மோடேயே இருந்து, கடவுள் சொன்னதாக எழுதினார்கள். அந்நியன் எழுதியதைப் பல வருஷம் போராடி 1829க்குள் பெரும்பாலும் ரத்துச் செய்துகொண்டார்கள். கடவுள் பேரால் எழுதினதை ரத்துச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்பது நமக்குத்தான் தெரியும்.

1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு அந்தக் கிழங்கைத் தவிர வேறு ஆகாரமில்லை. ஐந்தாறு வருஷத்தில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். அதற்கு மேலும் 10 லட்சம் பேர் கப்பலேறி ஊரை விட்டுப் போனார்கள். அந்த வருஷங்களிலேயே தானியமும் மாடுகளும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தன. நம் பக்கத்திலே தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்களே, 1876இலிருந்து 1878 வரையில் நடந்தது, அதிலும் இதே கதைதான்.

இப்படிப்பட்ட ஜனங்கள் விடுதலை கேட்டதில் ஒரு குற்றமும் இல்லை. கேட்டவர்கள் எல்லாரும் ஒரே மதக்காரர்களும் அல்ல. 1791இல் ஐக்கிய ஐரிஷ்காரர் சங்கத்தை ஆரம்பித்த உல்ப் டோன் பிராட்டஸ்டண்டு. பார்லிமெண்டில் ஹோம்ரூல் கட்சியை நடத்தி இங்கிலீஷ் மந்திரிகளை ஆட்டி வைத்த பார்னலும் பிராட்டஸ்டண்டுதான். கவனிக்க வேண்டியது இந்தப் பார்னலின் முடிவை. அவர் ஓஷீ என்ற கேப்டனுடைய மனைவியோடு வாழ்ந்துவந்தார். அந்த அம்மையாருக்கும் கேப்டனுக்கும் வெகு நாளாகவே வாழ்க்கைத் தொடர்பு கிடையாது. 1890இல் விவாகரத்து வழக்குத் தீர்ப்பானதும், கத்தோலிக்கப் பிஷப்புகள் எழுந்து, இவன் தலைவனாயிருக்கத் தகுதியற்றவன் என்று கூச்சல் போட்டார்கள். இங்கிலாந்திலிருந்த மதப் பற்றுள்ள லிபரல்களும் சேர்ந்துகொண்டார்கள். கட்சி இரண்டாகப் பிளந்தது. மறு வருஷம் அக்டோபரில், 45 வயதிலே, பார்னல் செத்துப்போனார். ஒரு நாட்டின் விடுதலையைவிட ஒரு மனிதனுடைய கலியாணம் பெரிதாகிவிட்டது! நாட்டின் பேரால் பேசும் உரிமையைப் பாதிரி தன் கையில் எடுத்துக்கொண்டது அன்றைக்குத்தான் என்பது என் அபிப்பிராயம்.

வடக்கே அல்ஸ்டர் பக்கத்திலிருந்த பிராட்டஸ்டண்டுகள், "ஹோம்ரூல் வந்தால் அது ரோம் ரூலாகத்தான் இருக்கும்" என்றார்கள். 1912இல் நாலரை லட்சத்துக்கு மேற்பட்ட ஆண்களும் பெண்களும் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். "நம் ஜஸ்டிஸ் கட்சியும் இதைத்தானே சொன்னது, ஆகவே இரண்டு பேரும் வெள்ளைக்காரனுக்கு வால் பிடித்தவர்கள்தானே?" என்று சில படித்த தோழர்கள் கேட்பதுண்டு. நன்றாகக் கவனியுங்கள். அங்கே பயந்தவர்கள் மேலே இருந்தவர்கள். நிலமும், கப்பல் பட்டறையும், உத்தியோகமும் அவர்களிடம் இருந்தன, அவை போய்விடுமே என்று பயந்தார்கள். இங்கே பயந்தவர்கள் 100க்கு 97 பேராயிருந்தும் நாற்காலி கிடைக்காதவர்கள். ஆகவே இரண்டையும் ஒரே தராசில் போடுவது நாணயமல்ல. அல்ஸ்டர்காரர்கள் தங்களுக்கு ஆறு ஜில்லாவைப் பிரித்து வாங்கிக்கொண்ட பிறகு, அங்கே சிறுபான்மையாகிவிட்ட கத்தோலிக்கனுக்கு வீடு கொடுப்பதிலும் வேலை கொடுப்பதிலும் 50 வருஷம் என்னென்ன ஓரவஞ்சனை செய்தார்கள் என்பதும் சரித்திரத்தில் இருக்கிறது. 1968இல் அங்கே சிவில் உரிமைக் கிளர்ச்சி எழுந்ததும், பிறகு 30 வருஷத்தில் சுமார் 3,500 உயிர்கள் போனதும் அதன் விளைவுதான்.

ஆனால் அவர்கள் சொன்ன அந்த வார்த்தை, தெற்கிலே அப்படியே பலித்துவிட்டதே, அதற்கு என்ன சொல்லுவது?

விடுதலை வந்தது, யாருக்கு?

1916 ஏப்ரலில் டப்ளினில் புரட்சி நடந்தது. அதில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களில் ஜேம்ஸ் கனோலி என்பவர் ஒருவர். காயம் பட்டு நிற்க முடியாதவரை நாற்காலியில் கட்டி வைத்துச் சுட்டார்கள். அவர் ஒரு தொழிலாளி. 1913இல் டப்ளினில் சுமார் 20 ஆயிரம் தொழிலாளரைக் கதவடைத்துப் பட்டினி போட்டவன் இங்கிலீஷ்காரனல்ல, மர்பி என்ற கத்தோலிக்க ஐரிஷ் முதலாளி, தேசீயவாதி. அதைக் கண்ணால் கண்ட கனோலி, கொடியை மாற்றிவிட்டு முதலாளியை அப்படியே வைத்திருந்தால் அது விடுதலையாகாது என்று ஓயாமல் எழுதினார். அவர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ! 1921 டிசம்பரில் ஒப்பந்தம் ஆகி, மறு வருஷம் தெற்கே சுதந்தர ராஜ்யம் ஏற்பட்டபோது, கனோலியின் கருத்து படத்தோடு சுவரில் மாட்டப்பட்டது. பாதிரிகள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

1925இல் விவாகரத்துக்கு வழியில்லாமல் செய்ய ஏற்பாடு நடந்தது. கவி ஏட்ஸ் செனட் சபையிலே எழுந்து, இது சிறுபான்மையோரின் உரிமையைப் பறிப்பதாகும், வடக்கை என்றைக்கும் சேரவிடாது என்று எச்சரித்தார். யார் கேட்டார்கள்? 1937இல் டிவலேரா கொண்டுவந்த அரசியல் சட்டத்திலே விவாகரத்தே கூடாது என்று எழுதிவிட்டார்கள். கத்தோலிக்கச் சபைக்குத் தனி அந்தஸ்து என்று எழுதினார்கள். பெண்ணின் வாழ்வு வீட்டுக்குள்ளே என்கிற கருத்தையும் எழுதினார்கள். சர்க்கார் வேலையிலிருக்கும் பெண் கலியாணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிட வேண்டும் என்ற விதி 1973 வரையில் இருந்தது. கலியாணமாகாமல் கர்ப்பமான பெண்களைக் கன்னிமார் மடத்துச் சலவைச் சாலைகளிலே அடைத்து வைத்துச் சம்பளமில்லாமல் துணி துவைக்க வைத்தார்கள். அப்படிப்பட்ட கடைசிச் சாலை மூடப்பட்டது 1996இல். சர்க்கார் மன்னிப்புக் கேட்டது 2013இல்.

வெள்ளைக்காரன் ஆண்டபோதுகூட பணம் செலவழித்து லண்டனுக்குப் போய் விவாகரத்து வாங்க வழியிருந்தது. சுயராஜ்யம் வந்து அதையும் மூடிற்று. தாய்மார்களே, இதைச் சற்று நினைத்துப் பாருங்கள். அந்நியன் போனதும் உங்கள் கழுத்தில் புதுப்பூட்டு ஒன்று விழுமானால், அதைச் சுதந்தரம் என்று கும்பிட்டுக்கொள்வீர்களா?

நம் பெண் ஒருத்தியும் அதிலே பலியானாள். கருநாடகத்திலிருந்து கணவனோடு அங்கே போயிருந்த சவிதா என்ற பல் வைத்தியர், வயது 31. 2012 அக்டோபரில் 17 வாரக் கர்ப்பம் கலைய ஆரம்பித்துவிட்டது. குழந்தை பிழைக்காது என்று வைத்தியர்களுக்கே தெரியும். கருவை அகற்றிவிடுங்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். கருவின் இருதயம் துடித்துக்கொண்டிருக்கும் வரையில் சட்டம் இடங்கொடாது என்றார்கள். ஏன் என்று கேட்டதற்கு, இது கத்தோலிக்க நாடு என்று ஆஸ்பத்திரித் தாதி ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார். பிற்பாடு மரண விசாரணையில், தாம் அப்படிச் சொன்னது உண்மைதான் என்று அவரே ஒப்புக்கொண்டார். விஷம் இரத்தத்தில் ஏறி அக்டோபர் 28ஆம் தேதி சவிதா இறந்துபோனாள். அவள் கத்தோலிக்கரல்ல, ஐரிஷ்காரியுமல்ல. ஒரு நாட்டின் "பண்பாடு" அவள் உடம்பின்மேல் சட்டமாக இருந்தது, அவ்வளவுதான்.

தேசீயம், கலாசாரம், பண்பாடு என்று யாராவது உங்களிடம் இனிப்பாகப் பேச வந்தால், அந்தப் பண்பாட்டில் பிரசவ ஆஸ்பத்திரிக்கு என்ன சட்டம் என்று கேளுங்கள்.

அந்த ஜனங்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் நம்மைவிட வேகமாக விழித்துக்கொண்டார்கள் என்றுகூடச் சொல்லலாம். கத்தோலிக்கச் சபையின் தனி அந்தஸ்தை 1972 டிசம்பரில் ஜனங்களே ஓட்டுப் போட்டு நீக்கினார்கள். 1995இல் விவாகரத்து உரிமை வந்தது, சுமார் 9 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்திலே தப்பிப் பிழைத்து வந்தது. 2018இல் 100க்கு 66 பேர் ஓட்டுப் போட்டுக் கருக்கலைப்புத் தடையை எடுத்தெறிந்தார்கள். சவிதாவின் படத்தை டப்ளின் சுவரிலே எழுதி வைத்து, ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவர்கள் அதன் பக்கத்திலே சீட்டுகளை ஒட்டினார்கள். ஆனால் வீட்டுக்குள்ளே பெண் என்ற அந்த வாசகம் இன்னமும் சட்டத்தில் இருக்கிறது. மாற்றுவதற்காக 2024 மார்ச்சில் ஓட்டெடுப்பு நடத்தி, மாற்றாக எழுதிய வாசகம் ஜனங்களுக்குத் திருப்தியில்லாமல் அது தோற்றுப்போயிற்று.

நாம் இந்த விஷயத்தில் ஒன்று செய்திருக்கிறோம், அதையும் சொல்லத்தான் வேண்டும். புரோகிதன் இல்லாமல், மந்திரமில்லாமல் கலியாணம் செய்துகொள்ளலாம் என்று 1928இலிருந்து நம் இயக்கத்தார் செய்துகாட்டினார்கள். அவை செல்லாது என்று கோர்ட்டில் தீர்ப்பும் ஆயிற்று. 1967இல் அண்ணா முதல் மந்திரியாயிருந்தபோது சட்டம் நிறைவேறி, முன்பு நடந்தவையும் சேர்த்துச் செல்லுபடியாயின. டப்ளினில் பாதிரி கலியாணத்தைப் பூட்டி வைத்திருந்த அதே காலத்திலேதான் சென்னையிலே புரோகிதன் கையிலிருந்த சாவியை வாங்கினோம்.

பக்கத்து வீட்டு 1972

1972ஆம் வருஷத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அயர்லாந்து எந்த வருஷத்தில் மதத்தின் தனி அந்தஸ்தை அரசியல் சட்டத்திலிருந்து எடுத்ததோ, அதே வருஷம் மே மாதத்தில் இலங்கை சர்க்கார் பௌத்த மதத்திற்கு முதன்மை ஸ்தானம் என்று தன் அரசியல் சட்டத்தில் எழுதிற்று. 1956இல் சிங்களம் மட்டும் என்ற சட்டம், அதன்மேல் இது. மொழியையும் மதத்தையும் ஒன்றாய்க் கட்டி அதற்கு "தேசம்" என்று பேர் வைத்தார்கள். பிறகு 1983இல் நடந்ததும் 2009இல் முடிந்ததும் உங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லி உங்கள் கண்ணீரை வாங்க நான் வரவில்லை.

நான் சொல்ல வந்தது நம் பக்கத்து விஷயம். 1968இல் யாழ்ப்பாணத்திலே மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குள் போகத் தாழ்த்தப்பட்ட தமிழர்கள் சத்தியாக்கிரகம் செய்தார்கள். வாசலிலே மறித்து நின்றவர்களுக்குத் தலைவர் சி. சுந்தரலிங்கம். அவர் யார்? தமிழருக்குத் தனி ஈழம் வேண்டுமென்று எல்லாருக்கும் முந்திக் கேட்டவர்களில் ஒருவர்! மகா படிப்பாளி, மந்திரியாயிருந்தவர். சிங்களவனிடமிருந்து தமிழனுக்கு நாடு வேண்டும், ஆனால் தமிழனுக்குத் தமிழன் கோயில் வாசலில் இடமில்லை. அந்த ஈழம் அன்றைக்கே கிடைத்திருந்தால், வாசலில் நின்றவனுக்கு அது யாருடைய நாடாயிருந்திருக்கும்?

நம் சங்கதியும் அதிகச் சுத்தமல்ல. 1921இல் பெரம்பூர் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது சாதி இந்துத் தொழிலாளியும் ஆதிதிராவிடத் தொழிலாளியும் மோதிக்கொண்டு புளியந்தோப்பு எரிந்தது. ஜஸ்டிஸ் கட்சித் தலைவர்கள் ஆதிதிராவிடர் பக்கம் நிற்கவில்லை. எம். சி. ராஜா 1923இல் கட்சியை விட்டே போய்விட்டார். பார்ப்பனனிடம் 128 முனிசீப்புகளுக்குக் கணக்குக் கேட்டவர்களுக்கு, தங்களுக்குக் கீழே இருந்தவன் கேட்ட கணக்கு காதில் விழவில்லை. இன்றைக்கும் எத்தனை கிராமங்களில் சுடுகாடு இரண்டாக இருக்கிறது? "தமிழன் என்று சொல்லடா" என்று மேடையிலே சொல்லிவிட்டு, பிணத்தை மட்டும் சாதி பார்த்து எரிக்கிறோம்.

மொழி எப்படிச் சாகிறது?

மொழியைப் பற்றி அயர்லாந்து சொல்லுகிற செய்தி வேறு மாதிரியானது. அங்கே பழைய மொழி ஐரிஷ். பள்ளிக்கூடத்தில் குழந்தையின் கழுத்திலே ஒரு குச்சியைக் கட்டிவிடுவார்கள். வாய் தவறி ஐரிஷ் பேசினால் குச்சியில் ஒரு வெட்டு. சாயங்காலம் வெட்டை எண்ணி அடி. இதிலே அதிசயம் என்னவென்றால், பெற்றோர்களும் இதற்கு உடந்தை. ஏனென்றால் ஐரிஷ் பேசுகிறவன் பட்டினியால் சாகிறான், இங்கிலீஷ் பேசுகிறவன் அமெரிக்கா போய்ப் பிழைக்கிறான். கத்தோலிக்கருக்கு உரிமை வாங்கிக் கொடுத்த ஓகானல் ஐரிஷ் பேசி வளர்ந்தவர்தான், ஆனாலும் அந்த மொழி போவதைப் பற்றித் தமக்கு வருத்தமில்லை என்று சொன்னவர். பஞ்சமும் அந்த மொழி பேசிய மேற்குப் பக்கத்து ஏழைகளையே அதிகமாகக் கொண்டுபோயிற்று.

1893இல் டக்ளஸ் ஹைட் என்ற பிராட்டஸ்டண்டுப் பாதிரியின் மகன்தான் மொழிக்காகச் சங்கம் வைத்தார். சுதந்தரம் வந்ததும் ஐரிஷ் முதல் ஆட்சிமொழி ஆயிற்று, எல்லாப் பள்ளியிலும் கட்டாயம் ஆயிற்று. நூறு வருஷம் ஆன பிறகு, 2022 ஜனக் கணக்கில், 51 லட்சம் பேரில் 18 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் தங்களுக்கு ஐரிஷ் பேசத் தெரியும் என்று எழுதினார்கள். பள்ளிக்கூடத்துக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் சுமார் 72 ஆயிரம். மீதிப் பேர் அதைப் படமாக வைத்துக் கும்பிடுகிறார்கள் போலும்.

நாம் 1938இல் இந்தியைக் கட்டாயமாக்கியதை எதிர்த்தோம். 1939இல் நடராசனும் தாளமுத்துவும் சிறைவாசத்திலே உயிரை விட்டார்கள். 1940இல் உத்தரவு திரும்பிற்று. 1965இல் மறுபடியும் போராடினோம். சரி. வந்த மொழியைத் தடுத்தது பாதி வேலைதான். ஹைக்கோர்ட்டிலே தமிழில் வழக்காட வேண்டுமென்று சட்டசபை 2006இல் தீர்மானம் போட்டது, இன்னும் கிடைக்கவில்லை. சோற்றுக்கும் நீதிக்கும் விஞ்ஞானத்துக்கும் உதவாத மொழியைத் தாயென்றும் தெய்வமென்றும் புகழ்ந்தால் அது பிழைக்காது. ஐரிஷ் மொழியைப் புகழ்ந்ததில் யாரும் குறை வைக்கவில்லையே! தமிழ் பேசினால் அபராதம் போடுகிற பள்ளிக்கூடங்கள் நம் பக்கத்திலும் உண்டு. வரிசையில் நின்று பணம் கட்டிச் சேர்க்கிறவர்கள் யார்? குச்சி மட்டுந்தான் கழுத்தில் இல்லை.

பேச்சை நிறுத்தலாம் என்றிருந்தேன். தலைவர் இரண்டு சீட்டுகளைக் கொடுத்திருக்கிறார். முதல் சீட்டிலே ஒரு தோழர், "நம் ஊரைச் சுற்றி விமானப்படை நிலையமும், ஆவடியிலே 1961இலிருந்து டாங்கித் தொழிற்சாலையும் இருக்கின்றன. இந்தி பேசுகிறவரும், தெலுங்கரும், மலையாளியும் வந்து குடியேறியிருக்கிறார்கள். கட்டட வேலைக்கு வடக்கேயிருந்து தினமும் ஆட்கள் வருகிறார்கள். இவர்களெல்லாம் தமிழர் ஆவார்களா? இது தமிழ்நாடாக நிலைக்குமா?" என்று கேட்டிருக்கிறார்.

நல்ல கேள்வி. இரத்தத்தைப் பார்த்துத் தேசத்தைக் கணக்கெடுத்தால் அயர்லாந்துக்குப் பெரிய நஷ்டம். கனோலி பிறந்தது ஸ்காட்லாந்திலே, எடின்பரோவில். டிவலேரா பிறந்தது நியூயார்க்கில். நமக்கும் நஷ்டம்தான். தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் ஒரு குடும்பம், சமஸ்கிருதத்தின் பிள்ளைகளல்ல என்று 1856இல் இலக்கணம் எழுதி நிறுத்திய கால்டுவெல் 1814இல் பிறந்தது எங்கே தெரியுமா? அதே அயர்லாந்தில், ஆண்ட்ரிம் ஜில்லாவில். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர். அவர் செய்த காரியத்தைப் பார்ப்பதா, இரத்தத்தைப் பார்ப்பதா?

வடக்கு அயர்லாந்தில் 1998இல் செய்துகொண்ட ஒப்பந்தத்திலே, அங்கே பிறந்தவன் தன்னை ஐரிஷ்காரன் என்று சொல்லிக்கொள்ளலாம், பிரிட்டிஷ்காரன் என்றும் சொல்லிக்கொள்ளலாம், இரண்டும் என்றும் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். அத்தனை பேர் செத்த பிறகு வந்த புத்தி. கட்டட வேலைக்கு வருகிறவன் நம்மை ஆள வரவில்லை, வயிற்றுக்காக வருகிறான். நம் பாட்டன்மார் தேயிலைத் தோட்டத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் அப்படித்தான் போனார்கள். 1948இல் இலங்கை சர்க்கார் மலைநாட்டுத் தமிழர் லட்சக்கணக்கானவரைப் பிரஜையல்ல என்று சொன்னபோது அநியாயம் என்று கூவினோமே, அந்த வாயாலே இன்று இவனை விரட்டு என்று சொல்ல முடியுமா? டில்லி சர்க்கார் இந்தியை நம்மேல் சுமத்தினால் டில்லி சர்க்காரோடு சண்டை போடுவோம். சித்தாள் வேலை செய்கிறவன் பேசும் இந்தியோடு நமக்கென்ன சண்டை? அவன் குழந்தை இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலே நம் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தமிழ் படிக்கட்டும். 2006இல் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிச் சட்டமும் இருக்கிறது. நம் குழந்தை அந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறதா என்பதைச் சீட்டு எழுதிய தோழர்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது சீட்டு, வருகிற மாதம் தம் தங்கைக்குச் சுயமரியாதைத் திருமணம் நடத்த இருக்கும் ஒரு தோழருடையது. பதிவு செய்ய என்ன செய்ய வேண்டுமென்று கேட்கிறார். அது இங்கே நின்று சுருக்கமாகச் சொல்லுகிற விஷயமல்ல. கூட்டம் கலைந்ததும் மேடைக்குப் பின்னால் வந்தால், வேண்டிய காகிதங்களை எழுதிக் கொடுக்கிறேன். தங்கையையும் கூட அழைத்து வரச் சொல்லுங்கள், கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தானே.